மூன்றாம் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள்: பார்மசி கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பார்மசி கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், குறிப்பாக ஃபார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் எங்கள் லேபுக்கு ஆள் எடுத்தோம். ஜூனியர் அனலிஸ்ட் வேலை, இரண்டே இடம். வந்தவர்களில் பாதிக்கு மேல் எம்.ஃபார்ம், அதுவும் ஃபார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி. அவர்களில் ஒரு பெண் கறுப்பு ரெக்சின் பைண்டிங் போட்ட தீசிஸை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தங்க எழுத்தில் தலைப்பு: சில புதிய சால்கோன்களின் தயாரிப்பு, பண்பறிதல், நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன். பதினேழு வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரி ஒன்றைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். என்னுடையது சால்கோனுக்குப் பதில் ஷிஃப் பேஸ் என்ற வேறொரு சேர்ம வகை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தீசிஸைத் திறந்து, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். வரைபடம் இருந்த பக்கத்தையே அவர் முன்னால் வைத்தேன். "இந்த ரெண்டு டப்ளெட்டும் எதோடது?" என்றேன். "ஆல்ஃபா, பீட்டா புரோட்டான் சார்" என்றார். சரிதான். "இது சிஸ்ஸா, டிரான்ஸா? எப்படிச் சொல்வீங்க?" பதில் இல்லை. டப்ளெட்டின் இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, அதாவது கப்ளிங் கான்ஸ்டன்ட், 15.6 ஹெர்ட்ஸ் என்று அதே தாளில் அச்சாகியிருந்தது. இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் அந்தப் புரோட்டான்கள் இருக்கின்றன, அதாவது டிரான்ஸ், என்று அந்த எண்ணே சொல்கிறது. "ஸ்பெக்ட்ரம் எங்க எடுத்தீங்க?" என்றேன். "வெளியில அனுப்பினோம் சார். பி.டி.எஃப். மெயில்ல வந்துச்சு. இன்டர்பிரெட்டேஷனும் அவங்களே போட்டுக் கொடுத்தாங்க."

அடுத்து, மருந்தில் கலந்திருப்பவற்றைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராம் வரைபடம் ஒன்றைக் காட்டினேன். 7 நிமிடத்தில் மருந்தின் பீக். அதற்கு முன்னால் இரண்டரை நிமிடத்துக்குப் பக்கத்தில் பொடியாக ஒன்று. "இது என்னவா இருக்கும்?" அவருக்கு முன் வந்தவர்கள் எல்லாரும் சட்டென்று "இம்ப்யூரிட்டி" என்றிருந்தார்கள். இவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிளாங்க்லயும் இது இருக்கா சார்?" என்று என்னைக் கேட்டார்.

பிளாங்க் என்பது மருந்து சேர்க்காத வெறும் கரைப்பான். அதிலும் அந்தப் பீக் வந்தால் அது மருந்தின் மாசு இல்லை. லேபில் நிற்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பி.ஃபார்ம் மூன்றாம் வருட லீவில், மாமா ஒருவர் சொல்லி, புதுச்சேரிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் ஒரு மாதம் சும்மா நின்றாராம். அங்கே இருந்த ஒரு அக்கா சொல்லிக்கொடுத்ததாம்: "எந்தப் பீக்கைப் பார்த்தாலும் மொதல்ல பிளாங்க்கைப் பாரு." ஆறு வருடம் ஃபீஸ் கட்டிப் படித்ததில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு மாதம்.

முடிக்கும்போது, உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா என்றோம். எல்லாரும் சம்பளம், ஷிஃப்ட், பஸ் கேட்பார்கள். அவர் கேட்டது: "கெமிஸ்ட்ரி எடுத்தது தப்பா சார்?"

அந்தக் கேள்வி என்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. உங்களில் ஒருவரை, மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். கேட்டாராம். "ஃபார்மசூட்டிக்ஸ் சீட் முடிஞ்சுபோச்சு, கெமிஸ்ட்ரியில இடம் இருக்கு, சேர்ந்துக்கோம்மா" என்று பதில் வந்ததாம். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. எனக்கும் வேறொரு கல்லூரியில் இதே பதில்தான் கிடைத்தது.

நான் கேட்பது ஒன்றுதான். எம்.ஃபார்மில் பார்மசி கவுன்சில் பத்துப் பிரிவுகள் வைத்திருக்கிறது. அதில் கெமிஸ்ட்ரியை எடுத்தால் எந்தெந்த வழி திறக்கும், எது மூடும், எந்த வழிக்கு எந்தத் தேர்வை எப்போது எழுத வேண்டும் என்பதை பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். நான்காம் ஆண்டு கடைசியில் சொன்னால் பாதி வண்டி போயிருக்கும். சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் அதிகம் இருக்காது. பிள்ளைகளுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது.

முதலில் நான் இருக்கும் இடம்: மருந்தைச் சோதித்துப் பார்க்கும் குவாலிட்டி கண்ட்ரோல் (க்யூ.சி.), அதற்கு அண்ணன் முறையான, சோதிக்கும் முறையையே உருவாக்கும் அனலிட்டிகல் டெவலப்மென்ட். கெமிஸ்ட்ரி படித்தவர்களில் நிறையப் பேர் வந்து சேர்வது இங்கேதான். ஆலத்தூர், அம்பத்தூர், புதுச்சேரி, ஓசூர், கடலூர் சிப்காட், எல்லை தாண்டினால் பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் ஜீடிமெட்லா, பாசமயிலாரம், விசாகப்பட்டினத்தில் பரவாடா. சம்பளம் ஆரம்பத்தில் வாய்விட்டுச் சொல்லும்படி இருக்காது. எனக்கு 2008இல் கையில் வந்தது 6,500 ரூபாய். இன்றைக்குப் பெரிய எண் வருகிறது என்றாலும், வாடகையும் மெஸ் பில்லும் போனால் மிஞ்சுவது ஏறக்குறைய அதேதான். இதை மறைக்காதீர்கள். முதல் மூன்று வருடம் இப்படி, மெத்தட் டெவலப்மென்ட் கைக்கு வந்தபின் வேறு மாதிரி என்று சொன்னால் தாங்கிக்கொள்வார்கள். பிளேஸ்மென்ட் போஸ்டரில் சூட் போட்ட போட்டோவுக்குக் கீழே பெரிய எண் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை ஆறாவது மாதம் ஓடிவிடுகிறது.

இந்த வேலைக்கு அனாலிசிஸ், குவாலிட்டி அஷ்யூரன்ஸ் பிரிவுகளில் படித்தவர்களும் வருவார்கள். அப்படியானால் கெமிஸ்ட்ரிக்காரருக்கு என்ன தனி மதிப்பு? 2018இல் நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நீங்களும் சொல்லலாம்.

வால்சார்டான் இரத்த அழுத்த மாத்திரை. அந்த வருடம் ஜூலையில் ஒவ்வொரு நாடாக அதைத் திரும்பப் பெறத் தொடங்கின. சீனாவில் ஒரு பெரிய கம்பெனி தயாரித்த மூலப்பொருளில் என்.டி.எம்.ஏ. என்கிற நைட்ரோசமீன் இருந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பொருள். நாளொன்றுக்கு 96 நானோகிராம்தான் எல்லை என்று பின்னால் வகுத்தார்கள். எப்படி வந்தது? மூலக்கூறில் டெட்ரசோல் என்ற வளையத்தைக் கட்டும் படியை அந்தக் கம்பெனி சில வருடங்களுக்கு முன் மாற்றியிருந்தது. கரைப்பானாக டைமெத்தில் ஃபார்மமைடு. மிச்சமிருக்கும் அசைடு என்ற வினைபொருளை அழிக்க சோடியம் நைட்ரைட்டும் அமிலமும். டைமெத்தில் ஃபார்மமைடில் கொஞ்சம் டைமெத்தில் அமீன் என்ற செகண்டரி அமீன் எப்போதும் இருக்கும். நைட்ரைட் அமிலத்தோடு சேர்ந்தால் நைட்ரஸ் அமிலம். செகண்டரி அமீனும் நைட்ரஸ் அமிலமும் சேர்ந்தால் என்ன வரும்?

நைட்ரோசமீன். உங்கள் பிராக்டிகல் ரெக்கார்டிலேயே இருக்கிறது. லீபர்மன் நைட்ரோசோ டெஸ்ட், மஞ்சள் எண்ணெய். பி.ஃபார்ம் பிள்ளைகள் டெஸ்ட் டியூபில் செய்து, "செகண்டரி அமீன் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் அதே எதிர்வினை. அது ஆலை அளவில் நடந்தபோது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. தேடாத பொருளை, மருந்தைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் வழக்கமான ரன் காட்டிக்கொடுக்காது. அதற்கு முதலில் அந்தப் பொருள் அங்கே உண்டாகக்கூடும் என்று தாளில் எழுதிப் பார்க்கும் ஆள் வேண்டும். அடுத்த வருடம் ரானிடிடினில் அதே சிக்கல். அதன்பின் எல்லாக் கம்பெனிகளும் தங்கள் ஒவ்வொரு மருந்துக்கும் நைட்ரோசமீன் ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டியதாயிற்று. அந்த வேலைக்கு, மூலக்கூறு எப்படித் தயாரானது என்பதும் தெரிந்து, நைட்ரோசமீனை எல்.சி.எம்.எஸ். என்ற நுண்ணிய கருவியில் பிடிக்கவும் தெரிந்த ஆள் தேவை. அது உங்கள் துறையின் ஆள். எங்கள் லேபில் இந்த வேலை செய்யும் நான்கு பேரில் மூன்று பேர் கெமிஸ்ட்ரி எம்.ஃபார்ம்தான். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நம் மாநிலத்துக்கு வலிப்பது. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் இருந்ததை நம் மாநில அரசின் ஆய்வகம் கண்டுபிடித்துச் சொன்னது. அதைக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராப் பக்கம் போய்விட்டார்கள். அனுமதி 0.1 விழுக்காடு. கேஸ் குரோமட்டோகிராஃபில் ஒரு ரன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதைப் போடாமல் கையெழுத்து மட்டும் போடும் இடங்கள் இருக்கின்றன. "போட்டாச்சுன்னு எழுதிடு" என்று சீனியர் சொல்லும்போது எழுத மாட்டேன் என்று நிற்க வேண்டிய ஆளைத்தான் நீங்கள் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறீர்கள். டேட்டா இன்டெக்ரிட்டி என்று அதற்கு இங்கிலீஷில் பெரிய பெயர். அதைப் பரீட்சைக் கேள்வியாக மட்டும் நடத்தாதீர்கள்.

அடுத்து, பிள்ளைகள் ஆசைப்படும் இடம்: ஆர் அண்ட் டி. புது மூலக்கூறு செய்ய வேண்டும் என்றுதான் பாதிப் பேர் கெமிஸ்ட்ரியை எடுக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஹைதராபாத்தில் சிந்தசிஸ் லேபுக்குள் போனால் ஃபியூம் ஹூட் முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் எம்.எஸ்சி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. எம்.ஃபார்ம் ரெஸ்யூமைப் பார்த்ததும் "க்யூ.சி.க்கு அனுப்புங்க" என்பார்கள். காழ்ப்பு ஒன்றுமில்லை. எம்.எஸ்சி. மாணவர் ஐந்து வருடமும் கெமிஸ்ட்ரியே படித்தவர். நம் பிள்ளை உடற்கூறியல், மருந்தியல், சட்டம், மாத்திரை அழுத்துவது என்று எல்லாம் படித்துவிட்டு மிச்ச நேரத்தில் கெமிஸ்ட்ரி படித்தது. மெக்கானிசம் கேட்டால் எம்.எஸ்சி. ஜெயிப்பார். அந்த மூலக்கூறு உடம்புக்குள் போய் என்ன ஆகும் என்று கேட்டால் நம்மவர் ஜெயிப்பார். இரண்டாவது கேள்வியைக் கேட்கும் இடங்களுக்கு, அதாவது மெடிசினல் கெமிஸ்ட்ரிக்கு, எம்.ஃபார்மோடு நின்றால் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். பிஎச்.டி. வேண்டும், அல்லது மத்திய அரசின் பார்மசி உயர்கல்வி நிறுவனமான நைப்பரில் படித்த பட்டம் வேண்டும். இதைத்தான் மூன்றாம் ஆண்டில் சொல்ல வேண்டும் என்கிறேன்.

நைப்பருக்கு வருவோம். மொஹாலி, ஹைதராபாத், அகமதாபாத், கொல்கத்தா, குவாஹாட்டி, ஹாஜிபூர், ரேபரேலி என்று ஏழு. தமிழ்நாட்டில் இல்லை. மதுரைக்கு வரும் என்ற பேச்சைக் கேட்டே ஒரு தலைமுறை படித்து முடித்துவிட்டது. அங்கே எம்.எஸ். ஃபார்ம் சேர நைப்பரின் ஜே.இ.இ. எழுத வேண்டும், இன்ஜினியரிங் ஜே.இ.இ. அல்ல. அதை எழுதவே பி.ஃபார்ம் மாணவருக்கு, பார்மசி முதுகலைக்கான தகுதித் தேர்வான ஜிபேட்டோ, அதற்கு ஈடான கேட், நெட் தகுதியோ கையில் இருக்க வேண்டும். இது தெரியாமல் ஃபார்ம் போடும்போதுதான் விழித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஜிபேட் பாஸ் செய்து அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.ஃபார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதம் உதவித்தொகை உண்டு. கணக்குப் போட்டால் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குத் தெரியும். அட்மிஷன் சமயத்தில் எங்களிடம் ஒருவரும் உதவித்தொகை பற்றி வாயைத் திறக்கவில்லை. அப்போது ஜிபேட்டுக்குப் பதிலாக இருந்த கேட் தேர்வை எழுதாமலே மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தோம். அப்பா கடைசி வரைக்கும் அந்த வட்டியைக் கட்டினார்.

பிஎச்.டி.க்கு இன்னொரு கதவு, மத்திய அரசின் அறிவியல் ஆய்வுக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். பெயரில் நடக்கும் நெட் தேர்வு, கெமிக்கல் சயின்சஸ் தாள். பார்மசிக்காரர்கள் அதை எம்.எஸ்சி.க்காரர்களின் சொத்து என்று விட்டுவிடுகிறார்கள். 55 விழுக்காடு இருந்தால் பி.ஃபார்ம் முடித்தவரே ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்கு எழுதலாம். ஃபெலோஷிப் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. க்யூ.சி.யில் முதல் வருடம் வாங்கும் சம்பளத்தை விட அது அதிகம். லக்னோவில் சி.டி.ஆர்.ஐ., ஹைதராபாத்தில் ஐ.ஐ.சி.டி., புனேயில் என்.சி.எல். ஆகிய மூன்று ஆய்வகங்களின் பெயரையாவது உங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கைகள் எத்தனை உயரும் என்று எண்ணிப் பாருங்கள். தாள் கடினம்தான். ஃபிசிக்கல், இன்ஆர்கானிக் பகுதிகளை நம் பாடத்திட்டம் தொட்டும் தொடாமலும் போகிறது. பக்கத்துக் கலைக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஒருவரை சனிக்கிழமை அழைத்தால் வர மாட்டாரா? எங்கள் ஊரில் இரண்டு கல்லூரிக்கும் நடுவில் ஒரு காம்பவுண்ட் சுவர்தான் இருந்தது. நான்கு வருடத்தில் யாரும் அதைத் தாண்டவில்லை.

சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் இடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1945ஆம் வருட மருந்து விதிகளைத் திறந்தால் ஃபார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி என்ற சொல்லே அச்சில் இருக்கிறது. மருந்து தயாரிப்பை மேற்பார்க்கும் ஆளாக, எங்கள் பாஷையில் அப்ரூவ்டு கெமிஸ்டாக, ஒப்புதல் வாங்க பார்மசி அல்லது ஃபார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி பட்டதாரிக்கு 18 மாத அனுபவம் போதும். கெமிஸ்ட்ரியை முக்கியப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரிக்கு மூன்று வருடம். அரசு அனலிஸ்ட் ஆக வேண்டுமானால் பட்டத்தோடு மருந்துப் பரிசோதனையில் ஐந்து வருட அனுபவம் வேண்டும், முதுகலை இருந்தால் மூன்று. டிரக் இன்ஸ்பெக்டர் வேலைக்கு பார்மசி பட்டம் வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று சொல்லப்பட்ட சிறப்புப் பிரிவுகளில் மருத்துவம் வேண்டும். ஆர் அண்ட் டி.யில் நம்மை முந்தும் எம்.எஸ்சி. நண்பருக்கு இந்தக் கதவு கிடையாது. டிரக் இன்ஸ்பெக்டர், மருந்து ஆய்வகத்தில் ஜூனியர் அனலிஸ்ட் வேலைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வருவது எப்போதாவதுதான். வரும்போது வயசும் தயாரிப்பும் இருக்க வேண்டும். அதை மட்டுமே நம்பி ஐந்து வருடம் வீட்டில் உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உட்காராதே, வேலை பார்த்துக்கொண்டே படி என்று சொல்லுங்கள்.

இதோடு ஒட்டி இன்னொரு சேதி. மருந்து ஆலைகள் பின்பற்ற வேண்டிய தர விதிகளான ஷெட்யூல் எம் திருத்தப்பட்டு வந்துவிட்டது. சின்னக் கம்பெனிகளுக்குக் கொடுத்த கெடுவும் 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. இதுவரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிச் சமாளித்த ஆலைகளுக்கு இப்போது முறையான தர அமைப்பு நடத்த ஆள் வேண்டும். பெரிய கம்பெனி கேம்பஸுக்கு வரவில்லையே என்று காத்திருக்கும் பிள்ளைகளை, வீட்டுக்கு அரை மணி நேரத்தில் இருக்கும் சின்ன ஆலைக்கு அனுப்புங்கள். அங்கே ஒரே ஆள் டைட்ரேஷனும் போடுவார், எச்.பி.எல்.சி.யும் ஓட்டுவார், ஸ்டெபிலிட்டி சேம்பரும் பார்ப்பார். பெரிய இடத்தில் மூன்று வருடம், மாத்திரை கரைவதை அளக்கும் டிசொல்யூஷன் மட்டுமே செய்துகொண்டிருப்பதை விட அது நல்ல பள்ளிக்கூடம்.

வெளிநாடு. இதில் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது இப்போது ஏஜென்ட்தான். பி.ஃபார்ம் முடித்து அமெரிக்கா போய் பார்மசிஸ்ட் ஆகலாம் என்று இன்னமும் விற்கிறார்கள். அங்கே வெளிநாட்டுப் பட்டதாரிகள் எழுதும் தேர்வுக்கு, 2003க்குப் பின் பட்டம் பெற்றவர்களானால், ஐந்து வருடப் பார்மசி படிப்பு கேட்கிறார்கள். நம்முடைய பி.ஃபார்ம் நான்கு வருடம். மேலே இரண்டு வருடம் எம்.ஃபார்ம் கெமிஸ்ட்ரி படித்தாலும் அந்தக் குறை தீராது. இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்குப் போவது வேறு கதை. கன்சாஸ், மினசோட்டா மாதிரிப் பல்கலைக்கழகங்களில் மெடிசினல் கெமிஸ்ட்ரிக்கென்றே தனித் துறை உண்டு. பிஎச்.டி.க்கு எடுத்தால் பொதுவாக ஃபீஸையும் கட்டி உதவித்தொகையும் கொடுப்பார்கள். அதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் நம் படிப்பைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஃபீஸ் இல்லை என்ற முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு வீட்டில் சண்டை போடும் பிள்ளைகள் உண்டு. இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. படித்துவிட்டு, கடனோடு திரும்பி வந்து எங்கள் லேபிலேயே வேலை கேட்டவர்களும் உண்டு. நான் எடுத்தேன், நன்றாகவே வேலை பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கடனுக்கு அந்தச் சம்பளம் ஒத்துவராது.

மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் ஃபார்மகோவிஜிலன்ஸ், மருத்துவப் பதிவுகளுக்குக் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் பற்றிச் சுருக்கமாக. சென்னையிலும் திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் பார்மசி படித்தவர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். ஏ.சி. அறை, பெண் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கம் வேலை, கெமிக்கல் வாடை இல்லை. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கோடிங்கிற்குப் போகப்போகிறவர் இரண்டு வருடமும் சில லட்சமும் கொடுத்து எம்.ஃபார்ம் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டியதில்லை. இதை யார் சொல்லியிருக்க வேண்டும்?

மெடிக்கல் ஷாப்புக்குச் சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுவதைப் பற்றியும் ஒரு வரி. சில கல்லூரிகளில் இதை "வருமானத்துக்கு வழி" என்று சீனியர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆசிரியர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கடையில் தப்பு மருந்து கொடுத்து யாருக்காவது ஏதாவது ஆனால் ஜவாப் சொல்ல வேண்டியது சுவரில் தொங்கும் சான்றிதழில் பெயர் உள்ளவர்தான். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

ஆசிரியர் வேலை. பார்மசி கல்லூரியில் பாடம் நடத்த எம்.ஃபார்ம் வேண்டும் என்பதால் இதுவும் நமக்கான இடம். எவ்வளவு கொடுக்கிறீர்கள், எத்தனை மாதம் பாக்கி என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

இனி உங்களிடம் நான் வேண்டுவது. பெரிய செலவு ஒன்றுமில்லை.

நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுங்கள். கடந்த ஐந்து வருடம் உங்கள் துறையில் எம்.ஃபார்ம் முடித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்: க்யூ.சி. இத்தனை பேர், பிஎச்.டி. இத்தனை, கோடிங் இத்தனை, கல்யாணமாகி வீட்டில் இத்தனை, தெரியவில்லை இத்தனை. பெயர் வேண்டாம். கடைசி இரண்டு வரிகளை நீக்காமல் போடுங்கள். பி.ஃபார்ம் பிள்ளை அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

எச்.பி.எல்.சி. மேல் போர்த்திய துணியை எடுங்கள். எங்கள் கல்லூரியில் அது பூப்போட்ட மேசைத் துணி. இன்ஸ்பெக்ஷன் அன்றைக்குத்தான் விலகும். பம்ப் கெட்டுப்போனால் யார் பணம் கட்டுவது என்ற பயம்தான் காரணம், எனக்கும் தெரியும். கலவையைப் பிரிக்கும் குழாயான காலம் (column) ஒன்று முப்பது நாற்பதாயிரம் என்றால் எந்த முதல்வரும் யோசிப்பார். ஆனால் கம்பெனிகளில் சிஸ்டம் சூட்டபிலிட்டி என்ற தகுதிச் சோதனையில் தேறாத பழைய காலம்களை ஒதுக்கிவிடுவோம். படிக்கும் பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும். டெயிலிங், அதாவது பீக்கின் வால் நீள்வது, என்றால் என்ன என்று புதுக் காலத்தை விட அதில்தான் நன்றாகத் தெரியும். கேட்டால் கொடுக்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் குழாய் வழியே ஓடும் கரைப்பானான மொபைல் ஃபேஸைத் தானே கலக்கி, வடிகட்டி, தன் கையால் ஒரு பிளாங்க், ஒரு ஸ்டாண்டர்டு, ஒரு சாம்பிள் இன்ஜெக்ட் செய்யட்டும். மூன்று ரன்.

தீசிஸ் தலைப்பை மாற்றுங்கள். எட்டு சால்கோன் செய்து, கம்ப்யூட்டரில் போட்ட டாக்கிங் படம் ஒட்டி, கப் பிளேட்டில் கிருமி வளராத வட்டத்தை அளந்து முடிக்கும் புத்தகங்கள் உங்கள் லைப்ரரியில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எட்டு வேண்டாம், இரண்டு போதும். அந்த இரண்டில் ஒன்றின் விளைச்சல் ஏன் 40 விழுக்காட்டில் நின்றது, கூடவே வந்த துணைப்பொருள் எது, அதை எப்படிப் பிரித்தோம் என்று எழுதச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரம் வெளியில் போகட்டும், பரவாயில்லை. இன்டர்பிரெட்டேஷன் வெளியில் போக வேண்டாம். பிராசஸ் கெமிஸ்ட்ரி தாளை இரண்டாம் செமஸ்டரில் நடத்துகிறீர்கள். அதைத் தீசிஸில் தொட்டால் இன்டர்வியூவில் பேசுவதற்குப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கதை இருக்கும்.

இந்த நாட்டில் பார்மசி படிப்பே கெமிஸ்ட்ரியில்தான் தொடங்கியது. 1932இல் பனாரஸில் மகாதேவ லால் ஷ்ராஃப் தொடங்கிய படிப்பில் ஃபார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரிதான் நடுநாயகம். பிறகு 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்து, மருந்துக்கு நேரடியாகக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்று ஆனபோது, வேறு வழியில் அதே மருந்தைச் செய்து காட்டிய கெமிஸ்டுகள்தான் இந்தத் தொழிலையே கட்டினார்கள். மீதி இடம் இருந்தால் சேர்ந்துகொள் என்று சொல்லும் பிரிவாக அது உங்கள் கவுன்சிலிங் மேசையில் ஆனது எப்படி என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தப் பெண்ணை எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரமாக லேபின் நடைமுறை ஏடுகளான எஸ்.ஓ.பி. படித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். கேட்ட கேள்விக்கு இன்னும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை. நைட்ரோசமீன் வேலையில் உட்கார வைத்தபின் அவரே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஞாயிறு தவிர மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு லீவு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் என் செலவில் வருகிறேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு மட்டும் போதும். சால்வை வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். ஒரு போர்டு இருந்தால் சரி. வரும்போது தூக்கிப்போட வைத்திருக்கும் ஒரு சி18 காலத்தை ரம்பத்தில் அறுத்து எடுத்துவருகிறேன். 25 சென்டிமீட்டர் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று நானே வேலைக்குச் சேர்ந்து நான்காம் வருடம்தான் பார்த்தேன், முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருந்தது. கூட அந்தப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிளாங்க் கதையை அவர் சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரிகளில் ஒன்றின் பழைய மாணவன்,
ஆலத்தூர்